கம்பிகள் கூடும் பலகை

புதிதாக வீடு கட்டுகிறவர்களில் சிலர், இப்போது சில ஆண்டுகளாக, மின்சாரத்துக்கு மெயின் போர்டு அமைப்பதோடு நின்றுவிடாமல், கம்ப்யூட்டர், டெலிவிஷன், காமிரா முதலிய சாதனங்களுக்குச் செய்தியை ஏந்திச் செல்லும் கம்பிகளுக்கென்றும் தனியாக ஒரு சிறிய இரும்பு அலமாரியை மாடிப்படியின் அடியிலோ பரணின் கீழோ சுவரில் பொருத்தச் செய்கிறார்கள். அதன் கதவைத் திறந்தால், கறுப்பு நிறமான ஒரு நீண்ட பட்டையும், அந்தப் பட்டையில் ஒரே சீராக 24 துளைகளும், துளைகளின்மேல் ‘ஹால்’, ‘மாடி அறை’, ‘வாசல் காமிரா’ என்று எழுதி ஒட்டிய காகிதத் துண்டுகளும், ஒவ்வொரு துளையிலிருந்தும் கிளம்பி இரண்டு சாண் தூரத்திலேயே அடுத்த பெட்டிக்குள் புகுந்துவிடும் குட்டையான கம்பிகளும் கண்ணில் படும். அந்தப் பட்டைக்குப் பேட்ச் பேனல் என்று பெயர். குட்டைக் கம்பிக்குப் பேட்ச் கார்டு என்று பெயர். இவை கம்ப்யூட்டர் யுகத்தின் சிருஷ்டி என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையிலோ, கம்ப்யூட்டர் என்ற யந்திரத்தை உலகம் கனவிலும் காணாத காலத்தில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில், நியூ ஹேவன் என்ற நகரத்துக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்துக் கடையறையில் பிறந்தது இவற்றின் மூதாதை. அந்த வம்சாவளியை அறிந்துகொண்டால், வீட்டுச் சுவருக்குள் கம்பி இழுப்பதில் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இன்னதென்பது தானாகவே விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் டெலிபோனுக்குப் பேட்டன்ட் பெற்றது 1876 மார்ச் 7-ஆம் தேதி. அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் டெலிபோன் வாங்கியவர்கள் அதை ஜோடி ஜோடியாகவே வாங்கினார்கள். வீட்டில் ஒன்று, தொழிற்சாலையில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி என்பதே அன்றைய ஏற்பாடு. இருவர் பேசுவதற்கு ஒரு கம்பி போதும். ஆனால் பத்துப் பேர், ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் பேச வேண்டுமென்று விரும்பினால் 45 கம்பிகள் வேண்டும். நூறு பேர் விரும்பினால் 4,950 கம்பிகள் வேண்டும். இந்தக் கணக்கை அப்படியே விட்டிருந்தால், டெலிபோன் என்பது செல்வந்தர் சிலரின் விளையாட்டுப் பொருளாகவே முடிந்திருக்கும். எல்லாக் கம்பிகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து, வேண்டியபோது வேண்டிய இரண்டை மட்டும் இணைத்து, வேலை முடிந்ததும் பிரித்துவிடுவது என்ற உபாயந்தான் அதைக் காப்பாற்றியது.

அந்த உபாயத்தை வியாபார முறையில் முதன்முதலாக நடத்திக் காட்டியவர் ஜார்ஜ் காய் என்பவர். பெல் 1877-இல் நியூ ஹேவனுக்கு வந்து நிகழ்த்திய பிரசங்கத்தைக் கேட்டு உற்சாகங்கொண்ட அவர், 1878 ஜனவரி 28-ஆம் தேதி, 21 சந்தாதாரர்களோடு தமது எக்ஸ்சேஞ்சைத் திறந்தார். அவர் செய்த பலகைக்கு வேண்டிய உறுப்புகள் எந்தக் கடையிலும் விற்கப்படவில்லை. ஆகவே குதிரை வண்டிக்குப் பூட்டும் போல்ட்டுகளைப் பலகையில் வரிசையாக முடுக்கி முனைகளாக்கிக்கொண்டார். தேநீர்க் கெண்டி மூடிகளின் குமிழ்களைப் பிடிகளாக்கிக்கொண்டார். அக்காலத்துச் சீமாட்டிகளின் பாவாடை விரிந்து நிற்பதற்காக உள்ளே வைத்துத் தைக்கும் கம்பியை எடுத்து இணைப்புக் கம்பியாக்கிக்கொண்டார். ஒரே சமயத்தில் இரண்டு சம்பாஷணைகளுக்குமேல் அந்தப் பலகை தாங்காது. அடுத்த மாதம் 21-ஆம் தேதி அந்த ஸ்தாபனம் வெளியிட்ட டைரக்டரி ஒரே ஒரு காகிதம். அதில் 50 பெயர்கள் இருந்தன. எண் ஒன்றுகூட இல்லை. பெயரைச் சொன்னால் போதும், பலகையருகே இருப்பவன் இணைத்துவிடுவான்.

பலகையருகே முதலில் இருந்தவர்கள் சிறு பையன்கள். தந்தி ஆபீஸில் ஓடியாடிப் பழகிய அவர்களுக்குப் பொறுமை போதவில்லை. சந்தாதாரர்களோடு வாய்ச்சண்டை போட்டார்கள் என்ற புகார் மலிந்தது. பாஸ்டன் நகரத்தில் 1878 செப்டம்பர் 1-ஆம் தேதி எம்மா நட் என்ற பெண்மணி இந்த உத்தியோகத்தில் அமர்ந்தார். டெலிபோன் ஆபரேட்டராகப் பணியாற்றிய முதற் பெண் அவரே. முப்பது ஆண்டுகளுக்குமேல் அந்தப் பணியில் இருந்தார். மறு ஆண்டில், மாசச்சூஸெட்ஸ் மாகாணத்து லோவல் நகரத்தில் தட்டம்மை பரவியபோது, மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற வைத்தியர் ஒரு கேள்வியைக் கிளப்பினார்: பெயர்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் ஆபரேட்டர்கள் நால்வரும் ஒருசேரப் படுத்துவிட்டால், புதிதாக வருகிறவர்கள் 200-க்கும் மேற்பட்ட சந்தாதாரர்களின் கம்பி எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துவிடலாம் என்று அவரே பரிகாரமும் சொன்னார். டெலிபோன் எண் என்னும் வழக்கம் இப்படித்தான் ஏற்பட்டது. ஒருவர் நினைவில் மட்டும் இருந்த ஒழுங்கைப் பலகையின்மேல் எழுதிவைத்தார்கள் என்பதே அதன் சாரம். இன்று பேட்ச் பேனலின் துளைமேல் ஒட்டும் காகிதத் துண்டுக்கு மூலபுருஷர் அந்த வைத்தியர் என்று சொல்வதில் தவறில்லை.

பலகையின் உறுப்புகள் வெகு விரைவில் திருந்தின. சிகாகோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்த சார்லஸ் ஸ்கிரிப்னர், தம் வாழ்நாளில் நானூறுக்கும் மேற்பட்ட பேட்டன்ட்டுகளைப் பெற்றவர், பலகையில் ஒரு துளையும், அதற்குள் வில்போல் அழுத்தும் உலோகத் தகடும், அதில் சொருகக் கம்பியின் நுனியில் உருண்டையான ஒரு முளையும் அமைக்கும் முறைக்கு வடிவம் கொடுத்தார். அந்த முளையின் குறுக்களவு கால் அங்குலம். மேடைக் கச்சேரிகளில் கிதாரிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பியின் நுனியில் இன்றும் அதே கால் அங்குல முளையைப் பார்க்கலாம். நூற்றாண்டு கடந்தும் அதைவிட நம்பகமான ஒன்றை அந்த வேலைக்கு யாரும் தேடவில்லை.

ஆபரேட்டரின் வேலை வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு இயந்திரத்தனமாகத் தோன்றலாம். அருகிருந்து பார்த்தால் அப்படியன்று. அவர் எதிரே செங்குத்தாக நிற்கும் பலகை முழுவதும் துளைகள். மேஜையில் முன்னும் பின்னுமாக ஜோடி ஜோடியாக முளைக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் வேலை முடிந்ததும் தானே உள்ளிழுத்துக்கொள்ளும்படி மேஜையின் அடியில் கப்பியும் எடைக்கல்லும். சந்தாதாரர் ஒருவர் ரிசீவரை எடுத்ததும் அவருடைய துளையருகே சிறு விளக்கு எரியும். ஆபரேட்டர் பின்வரிசைக் கம்பியை அதில் சொருகி, சாவியைத் தள்ளி, எண்ணைக் கேட்பார். முன்வரிசைக் கம்பியை எடுத்து, கேட்ட எண்ணின் துளை விளிம்பை முளையின் நுனியால் ஒரு கணம் தொடுவார். காதில் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டால் அந்த லைன் வேறெங்கோ பேச்சில் இருக்கிறதென்று அர்த்தம். சத்தம் இல்லையானால் சொருகி மணியடிப்பார். இருவரும் ரிசீவரை வைத்ததும் ஜோடியின் இரண்டு விளக்குகளும் எரியும், இரண்டையும் பிடுங்கிவிடுவார். இத்தனையும் சில விநாடிகளில் நடந்தாக வேண்டும். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான தடவை நடந்தாக வேண்டும். பெரிய எக்ஸ்சேஞ்சுகளில், ஒவ்வொரு ஆபரேட்டரின் கைக்கெட்டும் தூரத்திலும் எல்லாச் சந்தாதாரர்களின் துளைகளும் இருக்கும்படி ஒரே லைனைப் பல இடங்களில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து முடித்திருந்தார்கள். அந்தப் பெண்மணிகளின் விரல்களும் செவிகளும் ஒரு நகரத்தின் வர்த்தகத்தையும் வைத்தியத்தையும் துக்கத்தையும் கல்யாணத்தையும் தாங்கி நின்றன. சரித்திரப் புஸ்தகங்கள் அவர்களுக்கு இன்னும் கூடுதலான பக்கங்களை ஒதுக்கியிருக்க வேண்டும்.

நம் தேசத்துக்கும் இந்தப் பலகை தாமதமின்றியே வந்து சேர்ந்தது. ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி 1881-இல் பெற்ற லைசென்ஸைக்கொண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை, ஆமதாபாத் ஆகிய நகரங்களில் எக்ஸ்சேஞ்சுகளை ஏற்படுத்தியது. கல்கத்தா எக்ஸ்சேஞ்ச் முறைப்படி தொடங்கிய நாள் 1882 ஜனவரி 28, அதாவது நியூ ஹேவனில் காய் தமது பலகையைத் திறந்த அதே தேதி, நான்கு ஆண்டுகள் கழித்து. வெளியூருக்கு ‘டிரங்க் கால்’ போட்டுவிட்டு, ஆர்டினரியா, அர்ஜென்டா, லைட்னிங்கா என்று கேட்கும் குரலுக்குப் பதில் சொல்லி, மணி எப்போது அடிக்குமென்று டெலிபோனுக்கு அருகிலேயே காத்திருந்த தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் காத்திருந்தது இப்படிப்பட்ட பலகை ஒன்றில், யாரோ ஒருவர் கையால், ஒரு முளை ஒரு துளையில் ஏறுவதற்காகத்தான். ஆபரேட்டரின் உதவியில்லாமல் வெளியூருக்கு நேரே டயல் செய்யும் வசதி லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960-இல் முதன்முதலாக ஏற்பட்டது.

சொருகு பலகையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அதற்குப் பின்னால், பொதுஜனங்கள் ஒருபோதும் பாராத அறை ஒன்றில் இருந்த மற்றொரு சாதனத்தைப் பற்றிச் சொல்லாமலிருக்க இயலாது. இந்தக் கட்டுரையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சின் அடித்தளத்தில் பூமிக்கடியிலிருந்து வந்து சேரும் கேபிள்கள் தெருக்களின் கிரமத்தில் வருகின்றன: இந்தக் கேபிளில் கடைவீதி, அந்தக் கேபிளில் ஆற்றங்கரைத் தெரு என்பதுபோல. எக்ஸ்சேஞ்சின் யந்திரங்களோ எண்களின் கிரமத்தில் நிற்கின்றன: 100-க்கு அடுத்து 101, அதற்கடுத்து 102. அடுத்தடுத்த வீடுகளில் வசிப்பவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் அமைவது அபூர்வம். ஒருவர் வீடு மாறினாலும் எண் மாறாமல் கூடவே போக வேண்டியிருக்கிறது. ஆகவே தெருக் கிரமமும் எண் கிரமமும் எந்நாளும் ஒன்றோடொன்று பொருந்தா. பொருந்தாத இவ்விரண்டையும் சந்திக்க வைப்பதற்கு இரும்புச் சட்டங்களால் ஆன ஒரு நீண்ட அமைப்பை நிறுவினார்கள். எம்.டி.எஃப். என்று டெலிபோன் இலாகாவில் வழங்குவது அதுதான். அதன் ஒரு பக்கத்தில், நிமிர்ந்த சட்டங்களில், தெருக் கேபிள்கள் முடிகின்றன. இடி மின்னலிலிருந்து பாதுகாக்கும் சாதனங்களும் அங்கேயே. மறுபக்கத்தில், படுத்த சட்டங்களில், எண்கள் வரிசையாக இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஜம்பர் என்னும் மெல்லிய கம்பி ஜோடிகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. சந்தாதாரர் வீடு மாறினால் கேபிளைத் தொடவேண்டியதில்லை, யந்திரத்தைத் தொடவேண்டியதில்லை. ஒரு ஜம்பரை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால் வேலை முடிந்தது. ஸ்திரமானவை இரண்டு, அவற்றுக்கு நடுவே மாறக்கூடியது ஒன்று. ஸ்திரமானதைக் கஷ்டப்பட்டு ஒரே தடவை அமைத்துவிட்டுப் பிறகு அதில் கைவைக்காமலிருப்பது. மாறுதல் அத்தனையையும் குட்டையான, மலிவான, எளிதில் கழற்றக்கூடிய கம்பிகளின் தலையில் சுமத்திவிடுவது. எல்லாப் பேட்ச் பேனல்களின் தத்துவமும் இதுவே.

அந்தக் கேபிள்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஆரம்பத்தில் ஒரு சந்தாதாரருக்கு ஒற்றைக் கம்பிதான். மின்சாரம் திரும்பி வருவதற்குப் பூமியையே வழியாக வைத்துக்கொண்டார்கள். மின்சார விளக்குகளும் டிராம் வண்டிகளும் பெருகியதும் அந்தப் பூமி வழியில் இரைச்சல் புகுந்து பேச்சையே மூழ்கடித்தது. இரண்டு கம்பிகளைக் கொடுத்து, அவற்றை ஒன்றோடொன்று முறுக்கியும் விட்டால், வெளியிலிருந்து வரும் தொந்தரவு இரண்டையும் ஒரே அளவில் தாக்கி, முடிவில் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும் என்பதைக் கண்டவர் பெல்லே. 1881-இல் அதற்கும் பேட்டன்ட் பெற்றார். இன்று நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் நெட்வொர்க் கேபிளில் நான்கு ஜோடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியின் முறுக்கும் வெவ்வேறு நெருக்கத்தில் இருக்கும். பக்கத்து ஜோடியின் பேச்சு இதில் கேட்காமலிருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கம்பங்களின்மேல் குறுக்குச் சட்டம் சட்டமாக அடுக்கி நியூயார்க் நகரத்து வானத்தையே மறைத்திருந்த கம்பிகள் 1888 மார்ச் மாதத்துப் பனிப்புயலில் அறுந்து வீழ்ந்து தெருக்களை அடைத்ததும், கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் முயற்சி தீவிரமடைந்தது. ஈய உறைக்குள் காகிதம் சுற்றிய கம்பிகள் நூற்றுக்கணக்கில் நெருங்கின. பிற்காலத்தில் பிளாஸ்டிக் உறை வந்தபின், நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்ற ஐந்து நிறங்களையும், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்ற ஐந்து நிறங்களையும் ஜோடி சேர்த்து 25 ஜோடிகளுக்கும் 25 அடையாளங்கள் ஏற்படுத்தினார்கள். நம் வீட்டுக் கேபிளில் உள்ள நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்ற நான்கும் அந்த டெலிபோன் வரிசையின் முதல் நான்கு நிறங்களே.

கையால் சொருகும் உத்தியோகம் என்றென்றைக்கும் நிலைக்கவில்லை. கான்ஸஸ் சிட்டியில் பிணம் அடக்கம் செய்யும் தொழிலில் இருந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், ஆபரேட்டரில்லாமல் தானே இணைக்கும் சுவிட்சுக்கு 1891-இல் பேட்டன்ட் பெற்றார். மறு ஆண்டில் இண்டியானா மாகாணத்து லா போர்ட் நகரத்தில் முதல் ஆட்டோமாடிக் எக்ஸ்சேஞ்ச் தொடங்கியது. ஆயினும் மெய்ன் மாகாணத்துப் பிரையண்ட் பாண்ட் என்ற சிற்றூரில், கையால் சுழற்றி மணியடிக்கும் டெலிபோன்களும் சொருகு பலகையும் 1983 அக்டோபர் வரை வேலை செய்துகொண்டிருந்தன. பலகை மறைந்தாலும் சொருகும் கலை மறையவில்லை. ரேடியோ நிலையங்கள் மைக்குகளையும் ஒலிப்பதிவு யந்திரங்களையும் இணைப்பதற்கு அதே துளைகளையும் முளைகளையும் எடுத்துக்கொண்டன. பிலடெல்பியாவில் உருவாகி 1946-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்ற மாபெரும் கணக்கு யந்திரத்துக்கு ஒரு கணக்கைக் கற்பிப்பதென்றால், சுவிட்சுகளைத் திருகி, கேபிள்களைப் பலகை பலகையாக மாற்றிச் சொருகுவதே வழி. ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற நாள்கணக்காகும். அந்த வேலையைச் செய்த கேத்லீன் மக்னல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்ஸஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன் ஆகிய ஆறு பெண்மணிகளும் எம்மா நட்டின் வாரிசுகள் என்று கருதுவதில் எனக்கு மனநிறைவு உண்டு.

எம்.டி.எஃப். எவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்திருந்தது என்பதை உலகம் ஒரு விபத்தின் வாயிலாகவே அறிந்தது. 1975 பிப்ரவரி 27-ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில், நியூயார்க்கின் இரண்டாவது அவென்யூவில் இருந்த பெரிய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில், கேபிள்கள் வந்து சேரும் நிலவறையில் தீப்பற்றி மேலே பரவியது. எம்.டி.எஃப். முற்றும் நாசமாயிற்று. ஏறக்குறைய 1,70,000 டெலிபோன்கள் ஒரே காலையில் ஊமையாயின. ஆஸ்பத்திரிகளும் போலீஸ் நிலையங்களும் அவற்றுள் அடக்கம். வேறு ஊருக்கென்று தயாராகியிருந்த எம்.டி.எஃப். சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆயிரக்கணக்கான வேலைக்காரர்கள் இரவும் பகலும் ஷிப்ட் முறையில் கேபிள் ஜோடி ஒவ்வொன்றையும் அடையாளங்கண்டு கட்டி, மூன்று வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மறுபடியும் பேச்சைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சாதனை மகத்தானது. ஆனால் எரிந்த பி.வி.சி. உறைகளின் நச்சுப் புகையைச் சுவாசித்த நூற்றுக்கணக்கான தீயணைப்பு வீரர்களில் பலர் பிற்காலத்தில் கொடிய நோய்களுக்கு ஆளானதாக அவர்களுடைய தோழர்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்திருக்கிறார்கள். கேபிள் வாங்கும்போது உறையின் ரகத்தைப் பார்த்து வாங்குங்கள், கட்டடத்துக்குள் புகை குறைவாக விடும் ரகமே உசிதம் என்று சொல்லுவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட துன்பங்கள் இருக்கின்றன.

டெலிபோன்காரர்கள் நூறு ஆண்டுகளாகக் கற்ற பாடத்தைக் கம்ப்யூட்டர்காரர்கள் முதலில் கற்றுக்கொள்ளவில்லை. ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் ராபர்ட் மெட்கால்ஃப் 1973 மே 22-ஆம் தேதி எழுதிய குறிப்பில் தோன்றிய ஈதர்நெட், ஒரே நீண்ட கேபிளைக் கட்டடம் முழுவதும் ஓடவிட்டு, வழியில் உள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் அதிலேயே ஒட்டவைக்கும் முறையைக் கைக்கொண்டது. விரல் பருமனுள்ள அந்த மஞ்சள் கேபிள் 500 மீட்டர் வரை போகலாம்; 2.5 மீட்டருக்கு ஒருமுறை அதன்மேல் குறி இருக்கும். குறி உள்ள இடத்தில் துளைத்து இணைப்பு எடுக்க வேண்டும். பின்னர் வந்த மெல்லிய கேபிள் மலிவாயிருந்தது. ஆனால் யாராவது மேஜையை நகர்த்தும்போது ஓரிடத்தில் இணைப்புக் கழன்றுவிட்டால் அந்த வரிசையில் உள்ள அத்தனை கம்ப்யூட்டர்களும் ஸ்தம்பித்துவிடும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு மேஜையின் அடியிலும் குனிய வேண்டும். ஸ்திரமானது எது, மாறக்கூடியது எது என்ற பாகுபாடு அங்கே இல்லை என்பதே அதன் மூலதோஷம்.

மாற்றம் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. அமெரிக்காவில் அதுவரை வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பிகூட டெலிபோன் கம்பெனியின் சொத்தாகவே இருந்து வந்தது; 1984 ஜனவரி 1-ஆம் தேதி ஏ.டி. அண்டு டி. ஸ்தாபனம் பல கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்ட காலத்தை ஒட்டி, கட்டடக் கம்பிகளின் பொறுப்பு கட்டடக்காரர்களின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டர் கம்பெனியும் தன் யந்திரத்துக்குத் தனிக் கேபிள் வேண்டுமென்று வற்புறுத்திய அந்நாளில், எந்த யந்திரம் வந்தாலும் பொருந்தக்கூடிய பொது முறை ஒன்று அவசியமாயிற்று. அதே சமயத்தில், பழைய டெலிபோன் கம்பி ஜோடிகளிலேயே ஈதர்நெட்டை ஓட்டிவிடலாம் என்று சினாப்டிக்ஸ் முதலிய கம்பெனிகள் நிரூபித்தன. 1990-இல் அது அதிகாரபூர்வமான முறையாகவே ஏற்கப்பட்டது. 1991 ஜூலையில் கட்டடக் கேபிள்களுக்கான 568 என்ற எண்ணுள்ள விதித் தொகுப்பு வெளிவந்தது. ஒவ்வொரு மேஜையிலிருந்தும் தனித் தனி கேபிள் ஓர் அறைக்கு வந்து சேர வேண்டும். அது 90 மீட்டருக்கு மேற்படலாகாது. இரு முனைகளிலும் உள்ள குட்டைக் கம்பிகளுக்காக 10 மீட்டர் ஒதுக்க வேண்டும் என்று அது வகுத்தது. தெருவுக்குப் பதில் அறை, எண்ணுக்குப் பதில் சுவிட்சின் துளை, ஜம்பருக்குப் பதில் பேட்ச் கார்டு: எம்.டி.எஃப். மறுபடியும் பிறந்தது.

எட்டு முனைகளுள்ள இன்றைய சாக்கெட்டைக்கூட உற்றுப் பார்த்தால் பழைய உரிமைகள் தெரியும். நீல ஜோடி நட்டநடுவில், 4-ஆம் 5-ஆம் முனைகளில் இருக்கிறது. அது டெலிபோனின் முதல் லைனுக்கு உரிய ஸ்தானம். அதற்கு இருபுறமும் 3-ஆம் 6-ஆம் முனைகளில் பிரிந்து நிற்கும் ஜோடி இரண்டாவது லைனின் இடத்தில் நிற்கிறது. ஈதர்நெட் பின்னால் வந்தபோது, நடுவில் இருப்பவரை எழுப்பாமல் 1, 2, 3, 6 ஆகிய முனைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. பேனலை முடுக்கும் ராக்கின் 19 அங்குல அகலமும், ஒரு யூனிட்டுக்கு ஒன்றே முக்கால் அங்குல உயரமும் 1920-களில் டெலிபோன் சாதனங்களுக்காக ஏற்பட்ட அளவுகளே.

பேனலில் கம்பியை முடிக்கும் வேலையை ஒரு கைதேர்ந்த டெக்னீஷியன் செய்யும்போது அருகே நின்று பார்ப்பது தகும். வெளி உறையை உள்ளே இருக்கும் ஜோடிகளில் கீறல் படாமல் ஓரிரு அங்குலம் மட்டும் நீக்குகிறார். நான்கு ஜோடிகளையும் பேனலின் பின்புறத்தில் நிறம் காட்டியிருக்கும் பிளவுகளுக்கு நேரே விரிக்கிறார். முறுக்கைப் பிளவின் வாய்வரை அவிழ்க்காமல் கொண்டுபோகிறார். 13 மில்லிமீட்டருக்குமேல் அவிழ்த்தால், பெல் கண்ட பாதுகாப்பு அந்த இடத்தில் இல்லாமற்போகும். பஞ்சிங் டூலை வைத்து அழுத்துகிறார். ‘டக்’ என்ற ஒரே சத்தத்தில் பிளவின் இரு கூர் விளிம்புகளும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துத் தாமிரத்தை இருபுறமும் கவ்விக்கொள்ள, மிஞ்சிய நுனி வெட்டுண்டு கீழே விழுகிறது. பற்றவைப்பும் திருகாணியும் இல்லாத இந்த முறையையும் டெலிபோன் இலாகாதான் வளர்த்துக் கொடுத்தது. சுவருக்குள் போகும் கேபிளின் தாமிரம் ஒரே கட்டியான இழை. திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும். பேட்ச் கார்டின் தாமிரமோ பல மெல்லிய இழைகளின் திரள். பல தடவை வளைத்தாலும் தாங்கும். ஆகவே சுவர்க் கேபிளின் நுனியில் நேரே பிளக்கைக் கிரிம்ப் செய்து ரவுட்டரில் சொருகிவிடும் வழக்கம், நம் ஊர்களில் எங்கும் காணப்படுவது, சிக்கனம்போலத் தோன்றினாலும் சிக்கனம் அன்று. ரவுட்டரை ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் அசைவது சுவருக்குள் புதைந்திருக்கும் கேபிள். அது முறிந்தால் மாற்றுவதற்குச் சுவரை இடிக்க வேண்டும். பேட்ச் கார்டு முறிந்தால் கடையில் இன்னொன்று வாங்கலாம்.

வைஃபை வந்த பிறகு கம்பி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வைஃபை பெட்டிக்கே ஒரு கம்பி வேண்டியிருக்கிறது. கனத்த கான்கிரீட் தளங்கள் உள்ள நம் மாடி வீடுகளில் தளத்துக்கு ஒரு பெட்டியும் பெட்டிக்கு ஒரு கம்பியும் வேண்டியிருக்கின்றன.

ஆகையால் வீடு கட்டும் அன்பர்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. தளம் போடும்போதும் சுவர் பூசுமுன்னும் மின்சாரக் கம்பிக்கு ஒரு குழாயும், நெட்வொர்க் கேபிளுக்குச் சற்று விலகி வேறொரு குழாயும் புதைக்கச் சொல்லுங்கள். கேபிள் முழுத் தாமிரமா, அலுமினியத்தின்மேல் தாமிரம் பூசியதா என்று கேட்டு, முழுத் தாமிரமே வாங்குங்கள். அறைக்கு ஒன்று போதுமென்று தோன்றும் இடத்தில் இரண்டு இழுங்கள். எல்லாவற்றையும் ஒரே அலமாரிக்குக் கொண்டுவந்து பேனலில் முடித்து, கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி, எந்த எண் எந்த அறை என்ற பட்டியலை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்; எழுதும் வேலையைக் கேபிள் இழுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள், இழுத்த பிறகு எல்லாக் கேபிள்களும் ஒரே நிறமாகத்தான் இருக்கும்.